கோணல் வேலியும் லிண்டன்பாக்கும்

மெல்பனில், மல்கிரேவிலிருந்து இன்னும் தெற்கே தள்ளி, புதிதாகப் பிரித்த காணியொன்றில் வீடு கட்டிக் குடிவந்தபோது நான் கண்டுபிடித்த முதல் குறை கூரையில் இல்லை, குழாயில் இல்லை. பின்வேலியில். அது கோணலாக ஓடியது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் நெஞ்சுவலியைக்கூடப் பொறுத்துக்கொள்வான், வேலி கோணினால் பொறுக்க மாட்டான். பின்வீட்டுக்காரர் நாய்க்குப் பந்து எறிந்துகொண்டிருந்த ஓர் அப்பாவி. அவர் என் கண்ணுக்குக் காணி விழுங்கியாகத் தெரிந்தார்.

"அளவுநாடாவின்ர மற்ற நுனியைப் பிடியும்," என்றேன் மனைவியிடம்.

"இஞ்சாருங்கோ, அந்த மனுசன் பாத்துக்கொண்டு நிக்கிறார். இது மெல்பன்."

"மெல்பனிலயும் ஓரடி ஓரடிதான்."

வியர்த்து விறுவிறுத்து நகரசபைக்குப் போனேன். அவர்கள் என்னை நூலகத்தில் இருந்த உள்ளூர் வரலாற்று அறைக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கிருந்த பெண்மணி ஒரு பழைய வரைபடத்தை விரித்து, என் வளவின் மேல் விரலை வைத்தாள். "உங்கள் வேலி நேராகத்தான் இருக்கிறது. உங்கள் தெருதான் கோணல்," என்றாள்.

வேலி நின்றது ஒரு ஜெர்மன் விவசாயியின் எல்லைக்கோட்டில். அந்த வரைபடத்தில் ஓடை புழுவைப் போல நெளிந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த சில குடும்பங்கள் அந்த ஓடையிலிருந்து நிலத்தை நீள நீளமான கீற்றுகளாகப் பங்கிட்டிருந்தன. ஒவ்வொரு கீற்றின் தலையும் தண்ணீரைத் தொட்டது. ஒருவனுக்கு ஓடை, இன்னொருவனுக்குப் புழுதி என்று விடவில்லை. மேட்டில் தேவாலயம், அதன் பின்னால் இடுகாடு, மேற்கே காற்றை மறிக்கப் பைன் மரங்கள். கோடையில் வெடித்தும் மாரியில் சப்பாத்தை உறிஞ்சியும் என்னை வதைக்கிற இதே களிமண்ணில் அவர்கள் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார்கள். விட்டுவந்த கிராமத்தின் பெயரையே இதற்கும் வைத்தார்கள்: லிண்டன்பாக். லிண்டன் மரத்து ஓடை என்று பொருளாம். இங்கே லிண்டன் மரம் ஒன்றுகூட இல்லை.

அவர்களுக்கு முன்னால் இந்த மண்ணின் சொந்த மக்கள் ஓடையை என்னவென்று அழைத்தார்கள் என்று கேட்டேன். யாரும் எழுதிவைக்கவில்லையாம். கேட்கவே இல்லையாம்.

பிறகு முதலாம் உலகப் போர். தலைமுறை தலைமுறையாக இங்கே மாடு கறந்தவர்கள் திடீரென்று எதிரிகளானார்கள். சிலரை முகாமில் அடைத்தார்கள். லிண்டன்பாக் என்ற பெயரை அழித்துவிட்டு, இந்தப் பக்கம் எட்டியும் பாராத ஓர் ஆங்கிலத் தளபதியின் பெயரை ஊருக்குச் சூட்டினார்கள். பிள்ளையின் பெயரைத் தாயைக் கேளாமல் மாற்றுகிற அதே திமிர். ஊர்ப் பெயரை மாற்றிப் பலகை நடுவதைப் பற்றி, அதை எங்கள் ஊரிலேயே பார்த்த எனக்கு எந்த நூலகமும் சொல்லித்தரத் தேவையில்லை. அங்கேயே கொதித்துப்போனேன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் வியர்க்கும், கடைசியில்தான் வார்த்தை வரும். அதற்குள் எதிராளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கையும் கழுவியிருப்பான்.

கொஞ்ச நாளில், ஓடைக்கரையில் வரப்போகும் பூங்காவுக்குப் பெயர் சொல்லும்படி நகரசபை ஊராரைக் கேட்டது. எனக்கு வியர்க்கத் தொடங்குவதற்கு முன்னரே 'லிண்டன்பாக்' என்று அனுப்பிவிட்டு, ஆதரவு தேடி எங்கள் பகுதித் தமிழர் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். தலைவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர். எல்லோருக்கும் அங்கிள்.

"ஜெர்மன்காரன் உமக்கு மாமனோ, மச்சானோ?" என்றார்.

"இல்லை அங்கிள், அவங்கள் இருந்த ஊர் இது."

"இப்ப இஞ்ச எங்கட சனம்தானே கூடுதல். எங்கட வன்னி மண்ணின்ர பேரைத் தமிழில வைப்பம். வன்னிப் பூங்கா. எப்பிடி?"

கைதட்டல் எழுந்தது. எனக்கு வியர்த்தது.

"அங்கிள், ஊரில எங்கட பேர்ப்பலகையளை மாத்துறாங்கள் எண்டு இஞ்ச பாராளுமன்றத்துக்கு முன்னால கொடி பிடிச்சனீங்கள். இப்ப என்ன செய்யிறியள்?"

"தம்பி, அது வேற, இது வேற."

"அங்க பலகை மாத்தினவங்களும் இதைத்தானே சொன்னவங்கள்!"

ரோல்ஸ் பலகாரத் தட்டோடு வந்த அங்கிளின் மனைவி, அப்படியே திரும்பிக் குசினிக்குள் போய்விட்டார். கைதட்டினவர்கள் என்னைத் துரோகியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். எனக்கும் அவர்கள் எல்லோரும் அந்தத் தளபதியின் பேரப்பிள்ளைகளாகவே தெரிந்தார்கள்.

முடிவெடுக்கும் கூட்டத்துக்கு நான் பேச்சை எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அங்கிளும் கோட்டுப் போட்டு, வன்னிப் பூங்காவோடு வந்திருந்தார். என் பெயரை அழைத்தார்கள். அதையும் பாதியாக நறுக்கித்தான். எழுந்ததும் ஆங்கிலம் முழுவதும் மறந்துபோனது. இத்தனை வருடமாக அந்த மொழியில்தான் சம்பளம் வாங்குகிறேன்! ஒலிவாங்கியை விரலால் தட்டிக்கொண்டே நின்றதில், மண்டபமெங்கும் யாரோ முட்டை அடிப்பதுபோலச் சத்தம். "லிண்டன்பாக்," என்றேன். மறுபடியும், "லிண்டன்பாக்." அவ்வளவுதான். வந்து உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டத்தை நடத்தியவர் அழகாகச் சிரித்தார். வந்த பெயர்கள் இரண்டும் மக்களுக்குச் சொல்லக் கடினமாம். அதனால் காணி விற்ற நிறுவனம் பரிந்துரைத்த 'சன்ரைஸ் பார்க்' என்ற பெயரையே வைக்கிறார்களாம். பூங்கா வரும் இடம் கிழக்கே மேடு மறிக்கிற பள்ளம். மாரியில் பாதிக் காலை போகும்வரை சூரியனைக் காண முடியாது. ஆனால் சொல்லச் சுலபம்! யாரும் வாழாத, யாரும் சாகாத, யாரையும் துரத்தாத இடத்தின் பெயர்.

அங்கிள் துள்ளி எழுந்தார். "வன்னி! இதில் என்ன கடினம்?" என்று ஆங்கிலத்தில் கத்தினார். மூச்சு வாங்கிக்கொண்டு, "லிண்டன்பாக்! இதில் என்ன கடினம்? என்னோடு சேர்ந்து சொல்லுங்கள்!" என்றார். ஒருவரும் சேர்ந்து சொல்லவில்லை. ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் அங்கிள் கோட்டைக் கழற்றிக் காருக்குள் எறிந்தார்.

"சொல்லக் கஷ்டமாம் தம்பி! அவங்கட பேரெல்லாம் நாங்கள் நாக்குச் சுளுக்கிப் பழகேல்லையோ?"

"கடைசியில நீங்களும் லிண்டன்பாக் எண்டுதான் கத்தினனீங்கள்."

"அது கோவத்தில வந்தது. சங்கத்தில போய்க் கதையாதையும்."

பலகை வந்துவிட்டது, உதிக்கிற சூரியன் படத்தோடு. நான் அந்தப் பெயரை ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. போன மாதம் சிட்னியில், டூங்கபியில் ஒரு கலியாணத்தில், பக்கத்தில் இருந்தவர் மெல்பனில் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"லிண்டன்பாக்."

"அது எந்தப் பக்கம்? கேள்விப்படேல்லையே."

கதிரையை அவர் பக்கம் திருப்பிப் போட்டேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இஞ்சாருங்கோ, சாப்பாடு முடியப்போகுது."

"நீர் போய்ச் சாப்பிடும்," என்றேன். பிறகு அவரிடம் திரும்பி, "அங்க ஒரு ஓடை இருக்கு," என்று தொடங்கினேன்.