ஆற்றோடு போன மாங்கனீசு மூட்டைகள்

ஜீப்பின் பின்சக்கரங்கள் மணலில் புதைந்தபோது தலைக்குமேல் மேகமே இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மான்ட்ரியல் கம்பெனி ஒன்றின் ஜியாலஜிஸ்டாக மொராக்கோவின் தெற்குப் பாலைவனத்துக்குப் போயிருந்தேன். கூட வந்தவர் அருள்ராசா, மன்னார்க்காரர், சாம்பிளிங் டெக்னீஷியன். அவர் மனைவியும் கைக்குழந்தையும் மான்ட்ரியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்தார்கள். இந்த வேலை ஒழுங்காக முடிந்தால் அவரை நிரந்தரமாக்குவதாக ஆபீசில் சொல்லியிருந்தார்கள்.

குன்றுச் சரிவில் டிரெஞ்ச் தோண்டி, கறுப்பு மாங்கனீசுத் தாது ஓடும் பட்டையைக் குறுக்காக, ஒரே அகலத்தில் உளியால் வெட்டி எடுப்போம். அதுதான் சேனல் சாம்பிள். பளபளக்கும் கல்லாகப் பொறுக்கினால் தரம் பொய்யாக ஏறிவிடும். இடையில் வரும் மண்ணும் பைக்குள் போக வேண்டும். அருள் இதில் கறார். என் வெட்டு கோணலாகப் போகும்.

மூட்டைகளோடு திரும்பும் வழியில், வறண்ட ஆற்றின் நடுவில் சிக்கினோம். பாரம் குறைய மூட்டைகளை இறக்கி மணலில் வைத்தோம். அப்போதும் ஜீப் அசையவில்லை. லாரி வருவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. திரும்பினால், செம்மண் நிறத்தில் தண்ணீர். தூர மலையில் மழை பெய்திருக்கிறது.

"அருள், விட்டுட்டு ஓடி வாங்க."

"ரெண்டு மூட்டையாவது எடுத்துக்கொண்டு வாறன் அண்ணை."

கரையை எட்டும்போது அவர் மூட்டைகளை நோக்கித் திரும்பிவிட்டார். சட்டையை எட்டிப் பிடித்து இழுத்தேன். பொத்தான்கள் தெறிக்க இருவரும் கரையில் விழுந்தோம். வெள்ளம் மூட்டைகளை வாரிக்கொண்டுபோய், ஜீப்பையும் கவிழ்த்தது.

அருள் தெறித்த பொத்தான்களைப் பொறுக்கினார். பிறகு, "மனிசிக்கு என்னெண்டு சொல்லுறது? வேலை போச்சு அண்ணை" என்றார்.

மறுநாள் நடந்தே பக்கத்து ஊருக்குப் போய் மான்ட்ரியலுக்கு போன் செய்தேன். எங்கள் மேனேஜர் கியூபெக்காரப் பெண்மணி, கண்டிப்புக்குப் பேர் போனவர். எல்லாம் போய்விட்டது என்றேன்.

"உங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லையே?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"இல்லை."

"அப்படியானால் மறுபடி வெட்டுங்கள். பாறை அங்கேயேதான் இருக்கிறது."

அருளின் வேலை பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அவர் இல்லாமல் யார் வெட்டுவது? நீங்களா?"

அதை அப்படியே அருளிடம் சொன்னேன். வெள்ளத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தார். "அவவுக்கு உங்கட வெட்டு தெரியும் அண்ணை."

மறுபடி வெட்டினோம். தாதுப் பட்டை மெலிது, சுரங்கம் வரவில்லை. அருள் நிரந்தரமானார்.

ஃபீல்டுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கூட வந்தவர் சாம்பிளுக்காகத் திரும்பி ஓடினால், அவரோடு பேசிக்கொண்டு நிற்காதீர்கள். சட்டையைப் பிடித்து இழுங்கள்.