வேனக்காவின் நாற்பத்தொன்று

பதினாறு வருடமாக அவள் பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். ஏறும்போது ஓர் எண்ணிக்கை, இறங்கும்போது ஓர் எண்ணிக்கை. நடுவில் யாராவது தும்மினால்கூட இன்னொரு தடவை. பிள்ளைகள் வைத்த பெயர் வேனக்கா. சபையிலும் அதுவே நிலைத்துவிட்டது. வேதாகமத்தில் வரும் பழைய இடங்களைப் பார்க்கச் சபையார் வெளிநாடு கிளம்பியபோது, குலுக்கலில் இலவச இருக்கை அவளுக்கு விழுந்தது.

"கர்த்தர் சும்மா குடுக்கமாட்டாரும்மா, வேலையோடதான் குடுப்பாரு" என்று சிரித்துக்கொண்டே, ஆள் எண்ணும் பொறுப்பைப் போதகர் அவள் தலையில் கட்டினார்.

மொத்தம் நாற்பத்தொரு பேர், அவளைச் சேர்க்காமல். வேனில் ஏற்றுகிறவள் தன்னை எண்ணிக்கொள்வதில்லை. தொழிலின் வழக்கம் அது. ஒவ்வோர் இடத்திலும் பஸ்ஸின் நடுவே இருக்கைகளைத் தட்டிக்கொண்டே வந்து, "நாப்பத்தொண்ணு!" என்று குரல் கொடுப்பாள். தமிழில் ஒரு வார்த்தை தெரியாத டிரைவர்கூட இரண்டாம் நாளே பழகிவிட்டான். அந்தக் குரல் கேட்டால் வண்டியை எடுத்துவிடுவான்.

ஐந்து நாளில் அவள் பார்த்ததெல்லாம் தொப்பிகளைத்தான். எல்லோரும் உடைந்த தூணைப் பார்ப்பார்கள். அவள் அவர்களைப் பார்ப்பாள்.

ஆறாம் நாள் குளம். முப்பத்தெட்டு வருடம் சுகமில்லாமல் கிடந்த மனிதன், இயேசு சொன்னதும் எழுந்து நடந்த இடம். அன்று விடிந்ததிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊரில் அவள் தங்கைக்கு அன்றுதான் இதயத்தில் வால்வு மாற்றுகிறார்கள். டாக்டர் தேதி சொன்னபோது பயணமே வேண்டாமென்றுதான் இருந்தாள். தங்கைதான் விடவில்லை.

"நீ இங்க இருந்து என்ன கிழிக்கப்போற? வராண்டால நர்சுங்கள எண்ணிட்டு இருப்ப. அந்தக் குளத்துக்கிட்ட போய் நில்லு. என்னை உள்ள கொண்டுபோற நேரத்துல எனக்காகக் கேளு. அந்த நேரம் வேற யாரையும் பாக்காதக்கா."

"சரிடி" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

அந்த நேரம் இங்கே பத்தரை. பத்து மணிக்கே மெல்ல நழுவிவிடத்தான் நினைத்தாள். பழக்கம் விடுமா? ஒரு தடவை எண்ணினாள். நாற்பதுதான் இருந்தது.

"எங்க வீட்டுக்காரரத்தான் காணோம்" என்றாள் ரிட்டையர்டு சர்வேயரின் மனைவி, காணாமல் போனது குடை என்பதுபோல. "எந்தச் செவத்த அளந்துட்டு இருக்காரோ!"

வேனக்கா இடிபாடுகளுக்குள் ஏறி இறங்கித் தேடினாள். கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் ஓடுவதுமாக இருந்தாள். பத்தரை கடந்தது. பத்து ஐம்பதுக்குப் பின்பக்கத்து மதில் ஓரமாக அவர் அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டிருந்தார்.

"அங்கிள்! எங்கெல்லாம் தேடுறது?"

"இந்தச் சுவரு நேரா இல்லம்மா. அரை அடி சாஞ்சிருக்கு."

"ரெண்டாயிரம் வருஷமா அது ஒரே இடத்துல நிக்குது. நீங்கதான் நிக்கமாட்டேங்கிறீங்க."

அவரைக் கூட்டத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போதகரிடம் போனாள். மூன்று பேர் ஒரே சமயத்தில் அவரைப் போட்டோவுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, இந்த ஒரு தடவை நீங்க எண்ணிக்குங்க. நாப்பத்தொண்ணு வரணும்."

எங்கே போகிறாள் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

கல்படிகள் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன. அடியில் ஒரு சாண் பச்சைத் தண்ணீர். கைகூப்பி நின்றாள். "ஆண்டவரே, என் தங்கச்சி..." என்று தொடங்கியதும், பச்சைப் புடவை ஆன்ட்டிக்கு முட்டி வலியாயிற்றே, பஸ் படி ஏறினாரா என்று மனம் மேலே ஓடியது. இழுத்துக்கொண்டு வந்தாள். மறுபடி ஓடியது. இந்தக் குளத்தருகே கிடந்தவனுக்கும் இதே சங்கடம்தானே, தண்ணீர் கலங்கியதும் முதலில் இறங்குகிறவனுக்கே சுகம், அவன் போய்ச் சேருவதற்குள் வேறு யாராவது முந்திவிடுவார்கள் என்று நினைத்தாள். அரை மணி பிந்திக் கேட்டால் கணக்கில் சேருமா? கேட்டது பாதி, கேட்காதது பாதியாக மேலே வந்தாள்.

பஸ் இல்லை.

நாற்பத்தொன்று சரியாக வந்திருக்கும். ஐயா குரல் கொடுத்திருப்பார். டிரைவர் கிளம்பியிருப்பான். அவளுடைய பையும் போனும் வண்டிக்குள். முன்பின் தெரியாத வாசலில் இரண்டடி முன்னே போனாள், இரண்டடி பின்னே வந்தாள். தன் மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரிலிருந்து அழைப்பு வந்திருந்தால்?

அரை மணி கழித்துப் பஸ் திரும்பி வந்தது. போதகர் வியர்த்து விறுவிறுத்து இறங்கினார்.

"மன்னிச்சிரும்மா! நாலு தடவை எண்ணினேன், சரியாத்தான் இருந்துச்சு. உன் சீட்டுல போன் அடிச்சப்பதான்..."

அவரைத் தள்ளிக்கொண்டு சர்வேயர் மனைவி போனோடு வந்தாள். "உன் தங்கச்சி வீட்டுக்காரரு வழியில மறுபடி பேசினாரு. அங்க அவசர கேஸ் ஒண்ணு முந்திப் போயிடுச்சாம். இவளுக்கு லேட்டாம்."

"லேட்டுன்னா? இன்னும் உள்ள கொண்டுபோகலையா?"

"இப்பத்தான் கொண்டுபோறாங்களாம். ஸ்ட்ரெச்சர்ல ஏத்திட்டாங்கன்னாரு. அவரு பேசி அஞ்சு நிமிஷம்கூட ஆகல."

ஜன்னலிலிருந்து ஒரு குரல். "ஏறும்மா வேனக்கா, சாப்பாட்டுக்கு நேரமாச்சு!"

"கொஞ்சம் இருங்க" என்றாள் அவள்.

"எவ்வளவு நேரம்மா?" என்றார் போதகர்.

"தெரியலய்யா."

அவர் வேறெதுவோ கேட்க வாயெடுப்பதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டாள். தண்ணீருக்குப் பக்கத்தில், ஈரக் கல்லில் மண்டியிட்டாள். மூச்சு வாங்கியது. தங்கையின் பெயரைச் சத்தமாகவே சொன்னாள். மேலே ஹார்ன் ஒரு முறை அடித்தது. அவள் இன்னொரு தடவை அந்தப் பெயரைச் சொன்னாள்.