ஜன்னல் பக்கத்துப் பிள்ளைகள்

எட்டாம் வகுப்பில் ஜன்னலோரம் உட்காரும் பிள்ளைகள் மட்டும் ஏன் வாயைத் திறப்பதில்லை என்பது கீதா டீச்சருக்கு ஆடி மாதம் தொடங்கி ஐப்பசி வரைக்கும் விளங்கவே இல்லை. விளங்காததைப் போனால் போகிறது என்று விடுகிற ஆளும் இல்லை அவர். பெருந்துறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, பஸ் பிடித்துப் போய்ப் படித்து, பத்தொன்பது வருஷமாகக் கணக்குப் பாடம் எடுக்கிறவர். ஒரு கணக்கு வரவில்லை என்றால் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவரை இருபத்தேழு பிள்ளைகளும் பதினாலு டெஸ்க்கும் சேர்ந்து தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்துவிட்டன.

பள்ளிக்கூடம் கருமத்தம்பட்டியிலிருந்து அன்னூர் போகும் ரோட்டில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு சரி. வகுப்பறையில் நடுவே நடக்க வழி விட்டு, இந்தப் பக்கம் ஏழு டெஸ்க், அந்தப் பக்கம் ஏழு டெஸ்க். டீச்சர் பிள்ளைகளைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கம் கதவு, இடது கைப் பக்கம் ஜன்னல். "இதுக்கு விடை யாரு சொல்றீங்க?" என்று பொதுவாகக் கேட்டால் கதவுப் பக்கத்திலிருந்து பதில் வந்து விழும். ஜன்னல் பக்கத்தில் தொண்டை பெரிதான இரண்டு பேரைத் தவிர யாரும் பேச மாட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை எழுந்து நிற்கும், தலையைக் குனிந்துகொள்ளும், அவ்வளவுதான்.

தெரியாத பிள்ளையை டீச்சர் திட்ட மாட்டார். நாலு பேர் முன்னால் கூச்சப்படுத்தக் கூடாது என்பது அவருடைய கொள்கை. சரியாகச் சொன்னால் "சபாஷ் சாமி" என்பார். இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பிள்ளையைக் கேட்பார். பிள்ளைகள் மனசு நோகாமல் பாடம் நடத்துகிறோம் என்பதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆனால் போர்டுப் பக்கம் திரும்பி எழுத ஆரம்பித்தாரோ இல்லையோ, அதே ஜன்னல் பக்கம் கலகலவென்று பேசும். கதவுப் பக்கம் அப்போது கப்சிப். திரும்பிப் பார்த்துக் கேள்வி கேட்டால் ஜன்னல் பக்கம் மறுபடியும் ஊமை. முதுகைக் காட்டினால் பேச்சு, முகத்தைக் காட்டினால் மௌனம் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? வந்த கோபத்தை மென்று விழுங்கிக்கொண்டு நின்றார்.

இதில் ஒரு நெருக்கடியும் சேர்ந்தது. எட்டாம் வகுப்புக்கு உதவித்தொகைத் தேர்வு வருகிறது. அதற்குச் சனிக்கிழமைகளில் தனி வகுப்பு நடத்தப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கித் தர வேண்டும் என்று தலைமையாசிரியர் கோவிந்தராஜுலு சொல்லியிருந்தார். தனி வகுப்புக்கு வந்த பிள்ளைக்குத்தான் தேர்வில் பிழைக்க வழி. டீச்சர் மனசுக்குள் பட்டியல் போட்டுப் பார்த்தார். பன்னிரண்டு பேரும் கதவுப் பக்கத்துப் பிள்ளைகளாகவே வந்தார்கள். அறிவு என்ன நடைவழிக்கு இந்தப் பக்கம் மட்டுமா முளைக்கும் என்று அவருக்கே நெருடியது.

வீட்டுக்காரர் கிருபாசங்கரிடம் சொன்னார். அவருக்குக் கருமத்தம்பட்டியில் வீட்டை ஒட்டியே பதினாறு விசைத்தறி. கல்யாணமாகி வந்த இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சத்தம் ஓய்ந்து டீச்சர் பார்த்தது குறைவு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவரும் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றும் மிஷின் பக்கத்தில் நிற்பார். அந்த வீட்டில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. முகத்தைப் பார்த்து, வாயசைவைப் பார்த்து, கையை ஆட்டித்தான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை தறி நின்றால்கூடப் பழக்க தோஷத்தில் கத்திக்கொண்டேதான் சட்னிக்கு உப்புப் போதுமா என்று கேட்பார்கள்.

கிருபாசங்கர் யோசிக்கவே இல்லை.

"இதுக்கு எதுக்கு மண்டைய ஒடச்சுக்கற? ஆளை மாத்திப் பாரு. துணி கொறையா வந்துச்சுன்னா நானு மொதல்ல ஆளைத்தான் மாத்துவேன். கொறை ஆளோட போச்சுன்னா ஆளு மேல தப்பு. அங்கயே நின்னுபோச்சுன்னா தறி மேல தப்பு. வேற என்ன இருக்குது?"

டீச்சருக்கு இது பிடித்துப்போயிற்று. கணக்குக்காரிக்குப் பிடிக்கிற மாதிரியான வழி. மறுநாளே கதவுப் பக்கத்தை ஜன்னலுக்கும் ஜன்னல் பக்கத்தைக் கதவுக்கும் மாற்றினார். யஷ்வந்த் சிரித்துக்கொண்டே பையைத் தூக்கினான். வகுப்பில் முதல் பையன், ஆனால் வாய்க்குள்ளேயே பேசுகிறவன். நிதீஷ்தான் ஜன்னலை விட்டு வரமாட்டேன் என்று அழாத குறையாக நின்றான். ஒரு நாளும் வீட்டுப்பாடம் எழுதி வராத பையனுக்கு ஒரு பெஞ்சின் மேல் இத்தனை ஆசையா என்று டீச்சருக்கு ஆச்சரியமாக இருந்தது. காற்று வருதுங்க டீச்சர் என்றான். அங்கே பதில் சொல்லாமலே தப்பித்துவிடலாம் என்பதை அவன் ஆனி மாதமே கண்டுபிடித்திருந்தான், சொல்லத்தான் இல்லை.

ஒரு வாரம் ஆயிற்று. கதவுப் பக்கம் வந்த மக்குகள் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். ஜன்னல் பக்கம் போன யஷ்வந்த் ஊமையாகிவிட்டான். கேட்டால் எழுந்து நிற்கிறான், தலையைக் குனிகிறான், அவ்வளவுதான். பத்தாம் நாள் அவனுடைய அம்மா வந்து, டீச்சருக்கு என்னைப் பிடிக்கலை என்று பையன் வீட்டில் அழுகிறான், என்ன தப்புப் பண்ணினான் என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார். டீச்சர் இதை எதிர்பார்க்கவே இல்லை. அவருக்கு அந்தப் பையன் மேல் உயிர்.

சரி, தறி மேல்தான் தப்பு என்று முடிவு கட்டினார். ஜன்னல் பக்கத்து மின்விசிறி கடகடவென்று ஓடும். ஆளைக் கூட்டி வந்து அதைச் சரிபண்ணினார். கொஞ்சம் தேவலாம் போல இருந்தது, பிறகு பழையபடிதான். வெயில் கண்ணைக் கூசும் என்று பழைய புடவையைத் திரையாகக் கட்டினார். ரோட்டில் லாரி போவதைப் பார்த்துப் புத்தி சிதறுகிறது என்று ஜன்னலின் கீழ்க் கதவைச் சாத்தினார். கோவிந்தராஜுலு சார் வந்து பார்த்துவிட்டு, ஏனுங்க டீச்சர், மூலை சரியில்லையோ என்னமோ என்று திசையைப் பார்த்தார். கணக்குப் படித்த டீச்சர் அதற்கும் அரை நிமிஷம் யோசித்தார் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக டெஸ்க்குகளைச் சுவரோரம் தள்ளி 'ப' வடிவத்தில் போட்டார். எல்லாப் பிள்ளையும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கலாம், டீச்சர் நடுவில் நடக்கலாம், பின் பெஞ்சு என்பதே கிடையாது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் குறை இப்போது ஓரிடத்தில் நிற்காமல் நடக்க ஆரம்பித்தது. டீச்சர் போர்டிலிருந்து உள்ளே நடந்தால் ஜன்னல் பக்கம் ஊமை. கோடிக்குப் போய்த் திரும்பி நடந்தால் கதவுப் பக்கம் ஊமை, ஜன்னல் பக்கம் பேசுகிறது. ஆள் மேலும் தப்பில்லை, தறி மேலும் தப்பில்லை. வேறு என்ன இருக்கிறது? அவருக்குப் பயமாகக்கூட இருந்தது. பிள்ளைகள் பேசி வைத்துக்கொண்டு விளையாடுகிறார்களோ என்று ஒரு நாள் வாய்விட்டே கேட்டுவிட்டார். இருபத்தேழு முகமும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தன.

காலாண்டு லீவு முடிந்ததும் டெஸ்க்குகள் பழையபடி இரண்டு வரிசையாயின. தன்னிடம்தான் ஏதோ தேய்ந்துவிட்டது, சொல்லிக்கொடுக்கிற கை விழுந்துவிட்டது என்று டீச்சர் நம்பத் தொடங்கினார். ஒன்றாம் வகுப்புக்கே கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாமா என்ற எண்ணம் வந்தது. அது வந்த நாளில் அவர் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அந்த லீவு முடிந்துதான் சாய்ப்ரியா வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு இங்கே மில்லில் வேலை மாறியதால் வந்த புதுப்பிள்ளை. ஜன்னல் பக்கம் இரண்டாவது பெஞ்சில், ஹாரிகா பக்கத்தில் இடம் இருந்தது. குரல் பூ மாதிரி. வகுப்பில் அவள் பேசி டீச்சர் கேட்டதே இல்லை. மூன்று வாரத்தில் மந்தமான பிள்ளை என்று அவளையும் மனசில் எழுதிவைத்துவிட்டார்.

பட்டியல் தரவேண்டிய வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், எதற்கும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று ஜன்னல் பக்கத்து நோட்டுகளை வாங்கினார். மேலாக இருந்தது சாய்ப்ரியாவுடையது. முதல் கணக்கு சரி. அதன் மேல் ஒரு கோடு போட்டு அடித்து, கீழே தப்பான விடை எழுதியிருந்தது. இரண்டாவதும் சரி, அதையும் அடித்திருந்தது. பக்கம் பக்கமாக அப்படியே. சரியான வழியில் போய், சரியான விடைக்கு வந்து, வந்த பிறகு அதை அடித்துவிட்டு, எங்கேயோ போய்த் தொலைந்திருந்தாள். தப்பாகப் போடுகிற பிள்ளைகளை டீச்சர் ஆயிரம் பார்த்திருக்கிறார். சரியைத் தப்பாக்குகிற பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறார்.

மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் அவளை மட்டும் கூப்பிட்டார். அவள் டீச்சருக்கு இடது பக்கம் வந்து நின்றாள். டீச்சர் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், ஏன் கண்ணு இதையெல்லாம் அடிச்சே என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். பதில் இல்லை. சலிப்போடு நிமிர்ந்தபோது பிள்ளையின் உதடுகள் அப்போதுதான் மூடிக்கொண்டிருந்தன.

"என்ன சொன்னே?"

உதடுகள் அசைந்தன. வெறும் அசைவுதான். டீச்சர் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். அப்போது கேட்டது.

"நீங்க சபாஷ்னு சொல்லலீங்களே டீச்சர். அதனால தப்புன்னு அடிச்சுப்போட்டேன்."

"எப்பக் கண்ணு நீ விடை சொன்னே?"

"தெனமும் சொல்றனுங்க. நீங்க ஒண்ணுமே சொல்லாம அடுத்த பெஞ்சுக்குப் போயிருவீங்க. அப்படிப் போனா தப்புன்னு அர்த்தம், அடிச்சுறோணும்னு ஹாரிகாதான் சொல்லிக் குடுத்தா."

டீச்சர் நோட்டை மேஜையில் வைத்தார். வலது காதைக் கையால் பொத்திக்கொண்டு, பதிமூன்றாம் வாய்ப்பாடு சொல்லு அம்மணி என்றார். பிள்ளை சொன்னாள். உதடு அசைகிறது, கழுத்து அசைகிறது, சத்தம் மட்டும் இல்லை. கையை எடுத்தார், அறுபத்தைந்து என்று கேட்டது. பொத்தினார், ஒன்றுமில்லை. எடுத்தார், தொண்ணூற்றொன்று. இடது காது எப்போது போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. எல்லோரும் கத்திப் பேசுகிற வீட்டில் யார் கண்டுபிடிப்பார்கள்? நாலு மாதமாக ஆளை மாற்றினார், டெஸ்க்கை மாற்றினார், விசிறியைச் சரிபண்ணினார். நடுவில் நின்ற தன்னை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. டீச்சர் அழுதார். பிள்ளை முன்னால் அழக்கூடாது என்று தெரிந்தும் அழுதார்.

சாய்ப்ரியா பயந்துபோய் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டாள். டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தார்.

"நீ போட்டதெல்லாம் சரிதான் அம்மணி. ஒண்ணுகூடத் தப்பில்ல. டீச்சருக்குத்தான் இந்தக் காது கேக்கல."

பிள்ளை அந்தக் காதைப் பார்த்தாள். பிறகு நோட்டைப் பார்த்தாள். நாளைக்குப் பட்டியல் கேட்டால் சாரிடம் ஒரு வாரம் தவணை வாங்க வேண்டும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டிருந்தார். இப்படி அடித்தவர்கள் நோட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு வா கண்ணு, நான் உட்கார்ந்து திருத்தித் தருகிறேன் என்றார்.

சாய்ப்ரியா வாசல் வரைக்கும் போய், எதையோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். இந்த முறை சுற்றிக்கொண்டு வந்து டீச்சரின் வலது பக்கம் நின்றாள்.

"இப்ப ஜன்னல் பக்கம் இருக்கறவங்களுது மட்டுமுங்களா டீச்சர், இல்ல முந்தி அங்க இருந்தவங்களுதுமுங்களா? அப்படீன்னா எல்லாரு நோட்டும் வருமுங்க."