சூடு ஆறாத துண்டுகள்

எங்கள் டோபி கடை எரிந்ததற்கு மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. என் சீருடைகளைக் கடையில்தான் துவைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள்; அவையும் சேர்ந்து கரியாகிவிட்டன. வீட்டில் யாரும் சரியாகப் பசியாறக்கூட இல்லை. எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷம். அப்போது எனக்கு ஒன்பது வயது. உலகத்தில் எதைக் கேட்டாலும் எனக்குப் பதில் தெரியும் என்று உறுதியாக நம்பிய வயது.

கடை பாயா ரும்புட்டில், ஒரு கடை வரிசையின் கடைசியில் இருந்தது. அம்மாவும் மாமாவும் சேர்ந்து நடத்தினார்கள். மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு டவுனுக்கு வந்த பிறகு அக்காவும் தம்பியும் பிறர் துணியைத் துவைத்தே நிமிர்ந்தவர்கள். அப்பா தொழிற்சாலை பஸ் ஓட்டினார். கடை விஷயத்தில் அவர் வாயைத் திறப்பதில்லை.

கிளேபாங் பக்கம், எண்ணெய் தேய்த்து அமுக்கிவிடுகிற ஓர் உடம்புபிடி கடை இருந்தது. அங்கிருந்து வாரம் தவறாமல் மூட்டை மூட்டையாகப் பச்சைத் துண்டுகள் வரும். நல்லெண்ணெய் ஊறிய துண்டுகள். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாடை முழுசாகப் போகாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அலோர் காஜாவில் உறவுக்காரக் குழந்தைக்குக் காதுகுத்து. அம்மா புறப்படும் அவசரத்தில் துண்டுகளை டிரையரிலிருந்து சுடச்சுட எடுத்து மடித்து, அடுக்குப் பலகையில் இடமில்லாமல் அமுக்கி அமுக்கி அடுக்கினாள். நான் அந்த அடுக்கின் மேல் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். புது ரொட்டி மாதிரி சூடாக இருந்தது.

"ம்மா, வடை சுட்ட பழைய எண்ணெய் வாசம் வருது" என்றேன்.

"பசிக்குதுன்னா நேரா சொல்லு. போய் கவுன மாத்து" என்றாள் அம்மா.

நாங்கள் அப்பா ஓட்டிய காடியில் கிளம்பினோம். மிச்சத் துணிகளை வாடிக்கையாளர்களிடம் கொடுத்துவிட்டு, கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டு மாமா பின்னால் மோட்டாரில் வந்து சேர்ந்தார்.

சாயங்காலம் பலகாரம் பரிமாறிக்கொண்டிருந்தபோது அப்பாவின் போன் அடித்தது. பக்கத்துக் கடை, மோட்டார் பட்டறை வைத்திருந்த சீன அங்கிள். உங்கள் கடைக் கதவிடுக்கில் புகை வருகிறது, பொம்பாவைக் கூப்பிட்டுவிட்டேன் என்றார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வண்டிக்காரர்கள் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சீக்கிரமே தண்ணீர் அடித்ததால் முன்பக்கம் தப்பித்திருந்தது. பின்பாதி கறுப்புக் குகை.

அம்மா குகையைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள்.

"ரோக்கோ பத்தவச்சுக் குடிச்சியா?"

"இல்லக்கா."

"கடைசியா பூட்டினவன் நீதான்."

"நான் குடிக்கலக்கா" என்றார் மாமா. அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. வாதாடாதவன் குற்றவாளி என்று அம்மா தீர்ப்பு எழுதிவிட்டாள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

மாமா முன்பு நிறையச் சிகரெட் பிடித்தவர். கோலா சுங்கை பாருவில் ஒரு பாலர் பள்ளி ஆசிரியையை அவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா நுரையீரல் நோயில் படுத்து எழுந்தவர். மாப்பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இருக்கக்கூடாது என்பதைத் தவிர அவர் வேறெதுவும் கேட்கவில்லை. மாமா சரியென்று தலையாட்டி, அன்றோடு நிறுத்தியிருந்தார். நிறுத்திய பிறகு ஓயாமல் புளிப்பு மிட்டாய் தின்றார். அதில் பாதி எனக்கு வரும்.

தீ விபத்தைக் கேள்விப்பட்டு, கடை எரிந்த அன்று ராத்திரியே பெண்ணின் அம்மா போன் செய்தார். ஆறுதல் சொல்லத்தான் கூப்பிட்டார். அம்மா இருந்த கோபத்தில், "உங்க மாப்பிள்ள ஊதித் தள்ளினதுதான், வேற என்ன?" என்றாள். தேதி குறிப்பதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். மாமா அப்போது கூடத்தில்தான் இருந்தார். எழுந்து போய் மோட்டாரைத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில் பொம்பாவிலிருந்து தீ விசாரணை அதிகாரி வந்தார். தமிழ்ப் பெண். முழங்கால்வரை பூட்ஸ், கையில் கேமரா, ஒரு சின்ன மண்வாரி, பெயிண்ட் அடிக்கிற பிரஷ். தோட்ட வேலைக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

அம்மா முந்திக்கொண்டாள். "இவன்தான் மேடம் கடைசியா பூட்டினான். ரோக்கோ பழக்கம் உண்டு."

"இருக்கலாம்க்கா. மொதல்ல எங்க ஆரம்பிச்சிச்சுன்னு பாத்துருவோம். யாருன்னு அப்புறம் பேசலாம்" என்றார் அவர்.

நான் மஞ்சள் நாடாவுக்கு வெளியே நின்றுகொண்டேன். கோட்டைத் தாண்டாமல் இருந்தால் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அனுமதியும் வாங்கிவிட்டேன்.

நான் நினைத்த மாதிரி அவர் நேராகக் குகைக்குள் போகவில்லை. ஒன்றுமே ஆகாத வாசலில் ஆரம்பித்தார். குறைவாக எரிந்த இடத்திலிருந்து அதிகமாக எரிந்த இடத்துக்குப் போகவேண்டுமாம். சுவரில் கீழே குறுகலாகவும் மேலே போகப் போக விரிந்தும் ஒரு கரிக்கோலம் இருந்தது.

"தீ மேல ஏறும்போது ரெண்டு பக்கமும் பரவும். அதனால கீழ எங்க குறுகுதோ அங்க தேடணும்" என்றார்.

அது குறுகிய இடத்தில் துண்டு அடுக்கிய பலகை இருந்தது. டிரையர் கொஞ்சம் தள்ளியிருந்தது. அதன் வயரை முழுநீளமும் விரலால் தடவிப் பார்த்தார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். எதிலும் கோளாறு இல்லை. பிறகு குந்தி உட்கார்ந்து, பிரஷ்ஷால் சாம்பலைத் தள்ளி, துண்டு அடுக்கை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். வெளி ஓரங்களில் அங்கங்கே பச்சை நிறம் மிச்சமிருந்தது. உள்ளே போகப் போகப் பழுப்பு. நட்டநடுவில் தொட்டாலே உதிர்கிற கரி.

"இந்தத் துண்டுங்க எங்கேர்ந்து வருது?"

மாமா சொன்னார்.

"நேத்து டிரையர்லேர்ந்து எடுத்து ஆற வச்சீங்களா, சூடா அடுக்கினீங்களா?"

எனக்குத் தெரிந்த கேள்வி வந்திருக்கும்போது மற்றவர்கள் ஏன் வாய் மூடி நிற்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியம்.

"சூடா" என்றேன். "நான் கன்னத்த வச்சுப் பாத்தேன். பழைய எண்ணெய் வாசம்கூட வந்துச்சு. அம்மாதான் அமுக்கி அமுக்கி அடுக்கினாங்க."

அதிகாரி என்னை ஒருமுறையும் அம்மாவை ஒருமுறையும் பார்த்தார். குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டார்.

"அக்கா, தீ எரிய மூணு வேணும். எரியிற பொருள், காத்து, சூடு. இங்க அந்தச் சூட்ட யாரும் வெளியிலேர்ந்து கொண்டாரல. துணியில தங்கின எண்ணெய் காத்தோட சேந்தா தானா சூடு குடுக்கும். விரிச்சுப் போட்டா அந்தச் சூடு போயிரும். சுடச்சுட மடிச்சு அமுக்கிட்டா, போக வழியில்லாம நடுவுலயே நிக்கும். ஏற ஏற இன்னும் வேகமா சூடாகும். மணிக்கணக்கா உள்ளயே கனிஞ்சு, அப்புறம்தான் வெளிய வரும்."

"ரோக்கோ?" என்றாள் அம்மா.

"அது வெளியிலேர்ந்து பத்தும்க்கா. இது உள்ளேர்ந்து வெளிய வந்திருக்கு. லேப்புக்கு அனுப்பிப் பாப்போம். ஆனா எனக்குச் சந்தேகமில்ல."

கொஞ்சம் கரியையும் ஓரத் துண்டையும் மூடி போட்ட டின்னில் வைத்து எடுத்துக்கொண்டார். மாமா எரிந்த பலகையைத் தூக்கி வெளியே வைக்கத் தொடங்கினார். அம்மா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

துணியில் எண்ணெய் இருந்தது உறுதி என்று அதிகாரி பின்னொரு நாள் போனில் சொன்னார். அந்த வாரக் கடைசியில் நாங்கள் நால்வரும் கோலா சுங்கை பாருவுக்குப் போனோம். ஏன் போகிறோம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகவே புரிந்துகொண்டேன்: தீ எப்படிப் பிடித்தது என்று அவர்களுக்கு விளக்கப் போகிறோம். அதற்கு என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது. வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் காற்றாடி சுற்றியது. பெண் எல்லோருக்கும் தே கொண்டுவந்து வைத்தார். அம்மா கோப்பையைத் தொடவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

மாமாதான் பேசினார். "எண்ணெய்த் துண்டு தானா பத்திக்கிச்சாம் மாமா. பொம்பாவுல சொல்லிட்டாங்க."

"தானா எப்படிப்பா பத்தும்?" என்றார் பெண்ணின் அப்பா.

நான் காத்திருந்த இடம் வந்துவிட்டது. எழுந்து நின்று, மூன்று பொருளிலிருந்து ஆரம்பித்து, கரிக்கோலம், பச்சை ஓரம், நடுக்கரி என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் உண்மையிலேயே கவனித்துக் கேட்டார்.

"அப்போ சூடா அடுக்கினதுதான் தப்பு. யார் அடுக்கினது?"

"நான்தான்" என்றார் மாமா.

எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு நடந்தும் மாமாவுக்கு அடிப்படையே தெரியவில்லையே. "இல்ல மாமா, நீங்க இல்ல. அடுக்கினது அம்மா."

மேசைக்கடியில் மாமாவின் கால் என் காலை அழுத்தியது. "இவ சின்னப் பிள்ள. நான்தான் அவசரத்துல வச்சிட்டேன். அக்கா எப்பவும் ஆற வச்சுத்தான் மடிக்கும்" என்றார்.

பெண்ணின் அப்பா மாமாவைப் பார்த்தார். பிறகு தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். பெண் மாமாவின் கோப்பையில் மட்டும் இன்னும் கொஞ்சம் தே ஊற்றினார். பெரியவர் உள்ளே குரல் கொடுத்து நாள்காட்டியை எடுத்து வரச் சொன்னார்.

திரும்பும்போது மாமா காடி ஓட்டினார். அப்பா பின்னால் என் பக்கத்தில் தூங்கிவிட்டார். முன் இருக்கையில் அம்மா சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தாள். மாமா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "விடுக்கா" என்றார். அதைக் கேட்டு அம்மா இன்னும் அதிகமாக அழுதாள். துண்டு தானாகவே எப்படித் தீப்பிடித்தது என்பது அம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை என்று நினைத்தேன். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் தலையை நீட்டி, எண்ணெயிலிருந்து ஆரம்பித்து, அவளுக்குப் புரியும்படி முழுவதையும் மறுபடி ஒருமுறை பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.