சுலைகாவின் எட்டாம் மாதம்

ஊசி உள்ளே போய் வெளியே வருகிறது. இரண்டு பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரத்தில் நெருக்கமாகத் தையல் ஓடுகிறது. கூண்டு வண்டிக்குத் திரை.

“சன்னமா இருக்கேடி. வெயில்ல ஆள் தெரியும்,” என்கிறாள் எதிரே காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் நஃபீசா.

“உன்னப் பாக்குறதுக்குன்னே ராமநாதபுரம் ரோட்டுல ஆம்பளைக வரிசை கட்டி நிக்கிறாக, லாத்தா. அதான் ரெட்டைச் சேலையா வச்சுத் தைக்கிறேன்.”

தைப்பவள் சுலைகா; நஃபீசா அவளுக்கு லாத்தா, அக்கா முறை. வயது ஐம்பத்திரண்டு. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குக் குப்பாயம் என்னும் மேற்சட்டை தைத்துக் கொடுப்பது தொழில். இந்தக் கடலோர ஊரில் தையற்காரர்கள் இருவர் உண்டு. ஆனால் பெண்கள் ஆண்களிடம் அளவு கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை. சுலைகாவிடம் அளவு நாடா கிடையாது, முடிச்சுப் போட்ட கயிறுதான். அந்தக் கயிறு தோளைச் சுற்றி வருவதற்குள், எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்பதெல்லாம் அவள் காதுக்கு வந்துவிடும்.

புதன்கிழமைதோறும் பஸ் ரோட்டு டிஸ்பென்சரிக்கு ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியிலிருந்து லேடி டாக்டர் வருகிறார். வரிசையில் பாதிப் பேர் ஆண்கள்; ஊர்ப் பெண்கள் அங்கே போய் நிற்க மாட்டார்கள். சுலைகா போவாள். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, ஊர் நோய்களையெல்லாம் தன் நோயாகச் சொல்லி மருந்து வாங்கி வருவாள். இன்னொருத்தி பேரைச் சொன்னால் வீட்டு விஷயம் வெளியே போய்விடும் என்பது அவள் கட்சி. ஒரே சீட்டில், ஒரே பேரில், காதில் சீழ், முட்டி வாதம், பால் கட்டு. “இவ்வளவையும் வச்சுக்கிட்டு நீங்க நடந்து வர்றதே பெரிசு,” என்பார் கம்பவுண்டர்.

இந்தத் திங்கட்கிழமை, பத்து நாள் முன்பு தைத்துக் கொடுத்த குப்பாயத்தின் கை காலிதாவுக்கு ஏறவில்லை. காலிதா நஃபீசாவின் மருமகள்; தலைப்பிள்ளை, எட்டு மாதம். கை வீங்கி, முகம் உப்பியிருந்தது. “தலை இடிக்குது சாச்சி. கண்ணு மங்கலாத் தெரியுது,” என்றாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்று சுலைகா சொன்னதற்கு நஃபீசா அசைந்து கொடுக்கவில்லை. “மவன் கொழும்புல இருக்கான். அவன் கடுதாசி வரட்டும். கேக்காம ஆஸ்பத்திரிக்கு அனுப்புனா நாளைக்கு யாரு பதில் சொல்றது?” கடிதம் போய்ப் பதில் வரப் பத்து நாளாகும்.

நேற்று புதன். சுலைகா டாக்டரிடம் கையை நீட்டினாள். “கை கால் வீக்கம். தலையிடி. கண்ணு மங்கல். எட்டு மாசம்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “யாருக்கு எட்டு மாசம்?”

“எனக்குத்தான்.”

“போன வாரம் முட்டி வாதம்னீங்க?”

“ஜக்கரியா நபி வீட்டம்மா கிழவியான பொறவு பெத்தெடுக்கலையா, டாக்டரம்மா? அல்லாஹ் நாடுனா...”

கம்பவுண்டர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை.

“அந்தப் பொண்ணுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். ஜன்னி வந்தா தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. உங்க கையில மருந்து கொடுத்து அனுப்புற நோய் இல்லை இது. நாளைக்கே அவளை ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க.”

அன்றுதான் முதல்முறையாகச் சுலைகா வெறுங்கையோடு திரும்பினாள். நேரே நஃபீசாவிடம் வந்தாள்.

“உன் முட்டித் தைலத்த நிறுத்திட்டாக, லாத்தா. இனிமே முட்டிய நேர்ல பாத்தாத்தான் தைலமாம். நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்கு வரணுமாம்.”

இரண்டு வருடமாக அந்தத் தைலம் இல்லாமல் நஃபீசாவால் தொழுகையில் குனிந்து எழ முடிந்ததில்லை. “அம்புட்டுத் தூரம் தனியாவா போவேன்?” என்றாள்.

“ஏன், மருமக இருக்காளே. மாமியா முட்டிக்குத் துணை போறதுக்குமா கொழும்புக் கடுதாசி வேணும்?”

நஃபீசா, வண்டிக்காரர் பொன்னுச்சாமிக்குச் சொல்லி அனுப்பச் சொன்னாள். அவர் வண்டிக்குத் திரை கிடையாது. அதனால்தான் விடிந்ததிலிருந்து இந்தத் தையல்.

இப்போது வாசலில் மாடு பூட்டியாகிவிட்டது. காலிதா சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். செருப்பு காலில் ஏறாமல் கையில் இருக்கிறது. சுலைகா ஓரக்கண்ணால் அதைப் பார்க்கிறாள். நெருக்கத் தையல் நீளத் தையலாகிறது.

“ஏண்டி சுலைகா.” நஃபீசா தரையில் கையூன்றி எழுந்து, மருமகளுக்குக் கேட்காத குரலில் சொல்கிறாள்: “அங்கன போனதும் மொதல்ல இவளப் பாக்கச் சொல்லு. என் முட்டி எங்கயும் ஓடிராது.”

சுலைகா நிமிர்ந்து பார்க்கிறாள். நூலைக் கடித்துத் துண்டிக்கிறாள். திரையை உதறி, இரண்டாக மடித்து, நஃபீசாவின் கைகளில் வைக்கிறாள்.