நூறு வரை எண்ணும் சத்தம்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் புறங்கையில் சிவப்பு மையால் நட்சத்திரம் போட்டுவிடுவது என் வழக்கம். எழுத்து நன்றாக இருந்தால் ஒன்று, சோற்றைச் சிந்தாமல் சாப்பிட்டால் ஒன்று. அந்த வருடம் அதிக நட்சத்திரம் வாங்கியவள் இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி. அதில் பாதியை எதற்காகப் போட்டேன் என்று நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. பாடம் நடக்கும்போது ஒருநாள்கூட எழுந்து நின்று "டீச்சர், ஒன்னுக்கு" என்று கேட்காதவள் அவள். அதற்காகத்தான் போட்டேன்.

ஒன்றாம் வகுப்பு எடுத்தவர்களுக்குத்தான் அந்த மாதிரிப் பிள்ளையின் அருமை தெரியும். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், முதுகுக்குப் பின்னால் ஒருவன் சிலேட்டுக் குச்சியை மூக்கில் விட்டிருப்பான். ஒருத்திக்குப் பல் ஆடும். அதை வகுப்பே வரிசையில் வந்து ஆட்டிப் பார்க்கும். ஒருவனுக்கு ஒன்னுக்கு வந்தால் உடனே பத்துப் பேருக்கு வரும். போனவர்களில் இரண்டு பேர் டிராயர் நாடாவில் முடிச்சு விழுந்துவிட்டதென்று அழுதுகொண்டு திரும்புவார்கள். திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவில் இருந்தது எங்கள் பள்ளி. பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனவர்கள். அம்மாக்கள் தறிப்பட்டறையில். பகலெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குத் தாயும் தகப்பனும் நான்தான் என்று எனக்கு ஒரு மிதப்பு உண்டு. என் வகுப்பு ஒன்றிலிருந்து நூறு வரை ஒரே குரலில் எண்ண ஆரம்பித்தால் ரோட்டில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். அதிலும் எனக்குப் பெருமைதான்.

பள்ளிக் கழிப்பறைகளைக் கழுவ வந்தவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பதைத் தாண்டியவர், வாய் ஓயாது. அவருடைய வெள்ளாட்டின் சேட்டையும் மருமகனின் கஞ்சத்தனமும் ஊருக்கே மனப்பாடம். ஆசிரியர் அறையில் எங்களோடு உட்கார்ந்து அவர் ஒருநாளும் டீ குடித்ததில்லை. உட்காருங்கள் என்று நானும் சொன்னதில்லை. ஒருநாள் அவர் என் வகுப்பு வாசலில் விளக்குமாற்றோடு வந்து நின்றார்.

"ஏனுங்க டீச்சர், அந்த ரெட்டைச் சடைப் புள்ளை கக்கூஸ் பக்கமே வாரதில்லீங்களே?"

"அவ ரொம்ப ஒழுக்கமான புள்ளைக்கா. இதுங்க மாதிரி இல்லை" என்றேன்.

"ஒழுக்கத்துல ஒன்னுக்கு நிக்குமாங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. பாடம் நடத்துகிறவளுக்குத் தெரியாதது கழுவ வந்தவருக்குத் தெரிந்துவிடுமோ என்று அப்போது நினைத்தேன். மறைத்து என்ன ஆகப் போகிறது, அப்படித்தான் நினைத்தேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவள் அம்மா வந்தார். விடாத காய்ச்சல், ஒன்னுக்குப் போனால் வலியில் கத்துகிறாள் என்றார். முதலில் கண்ணு பட்டுவிட்டதென்று மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள். பிறகுதான் திருச்செங்கோட்டு டாக்டரிடம் போயிருக்கிறார்கள். தண்ணீர் குடிக்காமல், நாளெல்லாம் அடக்கி வைத்ததால் வந்தது என்று சொல்லிவிட்டார் டாக்டர். இனியும் இப்படியே போனால் சிறுநீரகத்தைப் பாதிக்குமாம். "ஊட்டுல நல்லாத்தானுங்க போவுது. இங்கதான் என்னமோ. வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்திப் பாக்கலாமுன்னு அவங்கப்பா போன்ல சொல்றாருங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார்.

பிள்ளை திரும்பி வந்ததும் கேட்டேன், கெஞ்சினேன், மிட்டாய் கொடுத்தேன். வாயே திறக்கவில்லை. அக்காதான் குழாயடியில் அவள் கைகழுவும்போது ஆட்டுக்கதை சொல்லிச் சொல்லி அதை வெளியே எடுத்தார். சேர்ந்த முதல் வாரத்தில் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டிருக்கிறாள். திறக்க வரவில்லை. கத்தியிருக்கிறாள். கடைசியில் கதவுக்கு அடியில் இருந்த சந்தில் தவழ்ந்து வெளியே வந்திருக்கிறாள்.

"ரொம்ப நேரம் கத்துனாளாமுங்க. நீங்க எல்லாரும் நூறு வரைக்கும் எண்ணிக்கிட்டு இருந்தீங்களாமா" என்றார் அக்கா. அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். சட்டையெல்லாம் சகதியாக அவள் வாசலில் வந்து நின்றதும், "எங்கடி உருண்டுட்டு வாரே?" என்று நான் அதட்டி உட்கார வைத்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அக்காவை ஆசிரியர் அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் முன்னால் அழுதேன்.

"அழுதா ஆச்சுங்களா? அந்தத் தாப்பாளக் கழட்டோணும்" என்றார். கழற்றினோம். அப்புறமும் பிள்ளை உள்ளே போகவில்லை. கதவு சாத்தினாலே உடம்பு நடுங்கியது. அக்கா வெளியே குந்திக்கொண்டு, "நீ போ சாமி. நான் பேசிக்கிட்டே இருக்கறேன். என்ற பேச்சு கேக்கற வரைக்கும் நான் இங்கதான் இருக்கறேன்னு அர்த்தம்" என்றார். என்னிடம் வந்து, "நீங்களுஞ் செத்த நேரம் எண்ணாம இருங்க டீச்சர். அவ கூப்புட்டா எனக்குக் காது கேக்கோணும்" என்றார். எண்ணுவதை நிறுத்தினோம். முதல் நாள் கதவைப் பாதி சாத்தியதோடு திரும்பிவிட்டாள். மறுநாளும் அப்படியே. காலை வேலையை முடித்துக்கொண்டு போகிற அக்கா, அந்த ஒரு பிள்ளைக்காக மதியம் வரை இருக்கத் தொடங்கினார். யாரும் அவரை இருக்கச் சொல்லவில்லை.

இப்போது நான் அயோத்தியாப்பட்டணம் பக்கம் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைக்கு எழுத்துக்கு முன்னால் கழிப்பறையைத்தான் காட்டுகிறேன். யாரிடம் கற்றேன் என்று கேட்பவர்களிடம் பெருமையாகவே சொல்கிறேன்.

அந்த வருடக் கடைசியில் ஓர் அதிகாரி பள்ளியைப் பார்க்க வந்தார். தலைமையாசிரியர் பக்கத்தில் நிற்க, இரட்டைச் சடைக்காரியை எண்ணச் சொன்னேன். கணீரென்று அறுபத்தேழு வரை வந்தவள் சட்டென்று நின்றாள்.

"டீச்சர், ஒன்னுக்குப் போவோணுங்க."

என் பதிலுக்குக்கூடக் காத்திராமல் ஓடினாள். தலைமையாசிரியர் என்னை முறைத்தார். அதிகாரி சிரித்துக்கொண்டு, "சரி, மத்தவங்க சொல்லுங்க, அறுபத்தெட்டு" என்றார். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை.

"அவ வரட்டுங்க சார்" என்றேன்.

அத்தனை பேரும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தோம். வெளியே அக்கா, வெள்ளாடு மருமகனின் வேட்டியைத் தின்ற கதையை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மூடிய கதவுக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வகுப்பு வரைக்கும் கேட்டது.