இடப்பக்கம் திரும்பாத விமானம்

மாமா பைக்கிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் ஆறாவது படித்தேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் பொக்லைன் ஓட்டினார். கைக்குள் தகடு வைத்துக் கட்டியிருந்தார்கள். கட்டுப் பிரித்த பிறகு சூப்பர்வைசர் வந்து பார்ப்பார், கை சரியாக இருந்தால் பழையபடி வண்டியில் ஏறலாம் என்று பேச்சு. அதுவரை வண்டியை நிரந்தரமாக வேறு ஆளுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். அதுவே பெரிய விஷயம்.

கட்டுப் பிரித்த மறுநாள் மாமா பெரம்பலூர் போனார். பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடையில் ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கி வந்தார். எனக்குத்தான் என்று நினைத்தேன். தொடவிடவில்லை.

அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப் இருந்தது. அதில் போர் விமானச் சண்டை கேம் ஒன்றை யாரோ ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு பேர் ஆடினால் திரை இரண்டாகப் பிரியும். மேல் பாதி மாமா, கீழ் பாதி நான். என் கையில் மவுஸ்.

மவுஸ் சுலபம். போக வேண்டிய இடத்தைக் காட்டினால் போதும். விமானம் தானே சாய்ந்து, தானே நிமிர்ந்து போகும். ஜாய்ஸ்டிக்கில் சாய்ப்பதும் நிமிர்த்துவதும் நம் வேலை. கொஞ்சம் அதிகம் இழுத்துவிட்டால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பிறகு கல் மாதிரி விழும்.

“சண்டைக்கு மவுஸ்தான் மாமா” என்றாள் அக்கா. “நீங்க பிளேன நேராப் புடிக்கறதுக்குள்ள அவன் குறி பாத்துருவான்.”

“இருக்கட்டும் புள்ள. எனக்கு இதுதான்.”

முதல் நாள் பதினொரு தடவை சுட்டேன். அவர் ஒரு தடவையும் சுடவில்லை. தினமும் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். நெற்றியெல்லாம் வேர்த்திருக்கும். விளையாட்டுக்கு இப்படி வேர்க்குமா என்று எனக்குச் சிரிப்பு.

“வேலையத்ததுங்க ரெண்டும்” என்று அம்மா திட்டும். ஆனால் அணைக்கச் சொல்லாது.

பத்து நாளில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். மாமாவின் விமானம் மேலே போகும், கீழே போகும், வலப்பக்கம் நன்றாகத் திரும்பும். இடப்பக்கம் மட்டும் திரும்பாது. குச்சியை உள்பக்கமாகச் சாய்க்க மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. அதன் பிறகு எனக்கு வேலை மிச்சம். எப்போதும் அவருக்கு இடப்பக்கமாகவே போனேன்.

“டேய் மாப்ள, ஒரு நாளாவது நேரா வந்து மோதுடா.”

“தோத்தவங்க பேசக் கூடாது மாமா.”

“பேசல சாமி. சுடு.”

பொக்லைனில் வலது கைக்கு ஒரு லீவர் உண்டு. அதை உள்பக்கமாகச் சாய்த்தால்தான் பக்கெட் மடங்கிக் கல்லை அள்ளும். வெளிப்பக்கம் சாய்த்தால் கொட்டும். கொட்ட மட்டும் தெரிந்த கையை வைத்துக்கொண்டு வண்டியில் ஏற முடியாது. இதை நான் பெரியவனாகி அதே மாதிரி வண்டியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசர் பைக்கில் வந்தார். அம்மா டீ போடப் போனது. மாமா கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். “நல்லா ஆயிடுச்சுண்ணே. நாளைக்கே வரேன்” என்றார். ஆஸ்பத்திரிச் சீட்டை எடுக்க உள்ளே போனார்.

சூப்பர்வைசர் லேப்டாப்பைப் பார்த்தார்.

“என்னா தம்பி, யாரு ஜெயிக்கறது?”

“நான்தான் சார். தினமும்.”

“மாமாவ விட நீ பெரிய ஆளா?”

“மாமாவுக்கு லெஃப்ட்ல வராது சார். கை சாயாது. நான் அந்தப் பக்கமாவே போயி அடிச்சிருவேன்.”

அவர் சிரிக்கவில்லை. சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

மாமா சீட்டோடு வந்தார். சூப்பர்வைசர் சீட்டை வாங்காமல் ஜாய்ஸ்டிக்கைக் காட்டினார். “இதப் புடிச்சு லெஃப்ட்ல சாய்ப்பா பாப்பம்” என்றார்.

மாமா என்னை ஒரு தடவை பார்த்தார். உட்கார்ந்து பிடித்தார். தோளையும் சேர்த்துச் சாய்த்தார். விமானம் கொஞ்சம் சாய்ந்தது. பிறகு நிமிர்ந்துவிட்டது.

“தோளால சாய்க்கறியேப்பா.”

“இன்னும் ஒரு வாரம் குடுங்கண்ணே. கட்டுப் பிரிச்சப்ப இதுகூட வரல.”

“கீழ டிப்பர் லாரில ஒருத்தன் உக்காந்திருப்பான். அவன் தலைக்கு மேலதான் நீ பக்கெட்டக் கொண்டுவரணும். அந்தக் கைய நம்பி நான் எப்புடி ஏத்தறது?”

மாமா ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“எடைமேடையில ஆள் இல்ல. நாளைக்கு அங்க வா. கம்ப்யூட்டர்தான். மவுஸ் புடிக்கத் தெரிஞ்சாப் போதும்.”

“வண்டி?”

“இப்ப ஓட்டிக்கிட்டிருக்கற ஜெயங்கொண்டத்துப் பையனே ஓட்டட்டும்.”

டீயைப் பாதி குடித்துவிட்டுக் கிளம்பினார். பைக் சத்தம் போன பிறகும் மாமா வாசலிலேயே நின்றார். அம்மா அடுப்படியில் எதையோ வேகமாகக் கழுவியது. என்னை யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டுவதற்கு ஏதாவது இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

பொழுது சாயும் நேரம் மாமா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜாய்ஸ்டிக்கை என் பக்கம் தள்ளினார்.

“மவுஸ இங்க குடு மாப்ள. எப்புடிப் புடிக்கணும்னு காட்டு.”

காட்டினேன். எது இடது பட்டன், எது வலது பட்டன் என்று சொன்னேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு ஆடினோம். ஆசைப்பட்ட ஜாய்ஸ்டிக் என் கையில் இருந்தது. என்னால் விமானத்தை நேராகக்கூடப் பிடிக்க முடியவில்லை. மாமா என்னை நாலு தடவை சுட்டு வீழ்த்தினார்.

அக்கா சொன்ன புத்தி இப்போதுதான் அவருக்கு ஏறியது என்று நினைத்தேன். இத்தனை நாள் தோற்றுக்கொண்டிருந்தவர், இதை முதல் நாளே செய்திருந்தால் என்ன என்று எனக்குக் கோபமாக வந்தது.